கோட் எழுதாமல் கேம் செய்ய: ஸ்கிராட்ச்சா, ஜிடெவலப்பா?

ஒரு வரி கோட் தெரியாத பிள்ளைக்கு முதலில் ஸ்கிராட்ச்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. கட்டளைகளைக் கட்டை கட்டையாக அடுக்கி கேம் செய்கிற மென்பொருள் அது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் 2007இல் வெளியிட்டது, முழுக்க இலவசம், ஆஃப்லைன் ஆப்பை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் எங்கள் இலங்கை மலையகத்து ஹட்டன் மழையில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. என் மகள் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நடக்கிற ஒரு அம்மாவை வரைந்து, வழியெல்லாம் அட்டைப்பூச்சிகளை நெளிய விட்டாள். அட்டை பட்டால் கூடையில் கொழுந்து குறையும். 'தொடுகிறதா' என்கிற நீலக் கட்டையை 'அப்படியானால்' என்கிற ஆரஞ்சுக் கட்டைக்குள் செருகி, பச்சைக் கொடியை அழுத்தினாள், அவ்வளவுதான்.

ஆனால் அதை நேரடியாக ஆண்ட்ராய்டு ஆப்பாக எடுக்க வழியில்லை, மாமாவின் போனுக்குப் போடமுடியாதா என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். அதற்கு ஜிடெவலப். இதுவும் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். கட்டைகளுக்குப் பதில் இதில் நிபந்தனை ஒரு பக்கம், அது நடந்தால் செய்ய வேண்டியது மறுபக்கம். குதிப்பது, விழுவது எல்லாம் பாத்திரத்துக்கு பிளாட்ஃபார்மர் பிஹேவியர் என்கிற தயார் இயக்கத்தைச் சேர்த்தாலே வந்துவிடும். ஆண்ட்ராய்டுக்கும் எடுக்கலாம், இலவசக் கணக்கில் அதற்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு உண்டு. மெனு கொஞ்சம் அதிகம், சின்னப் பிள்ளை என்றால் பெரியவர் யாராவது பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும்.