சிறுநீரகத்தில் மயோகுளோபின்: வழக்கமான சாயமா, எதிர்ப்பொருள் சாயமா?

தசை நசுங்கி இறந்தவரின் பிணக்கூறாய்வில், சிதைந்த தசையிலிருந்து கசிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் மயோகுளோபின் என்ற புரதத்தைக் காண, சிறுநீரகத் துண்டை எந்தச் சாயத்தில் பார்ப்பது என்ற தயக்கம் எழுவதுண்டு. 1941-இல், லண்டன் குண்டுவீச்சு இடிபாடுகளில் சிக்கியவர்களிடம் மருத்துவர்கள் பைவாட்டர்ஸும் பீலும் விவரித்த சிறுநீரகப் பாதிப்பு இதுதான்.

செலவு: வழக்கமான ஹீமடாக்சிலின்-இயோசின் சாயம் மலிவானது, குறிப்பிட்ட புரதத்தோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளைக் கொண்ட சாயம் விலை கூடியது, ஒப்புநோக்கத் தசைத்துண்டும் வேண்டும்.

துல்லியம்: முன்னதில் நுண்குழல்களுக்குள் செம்பழுப்புத் துகள் வார்ப்புகள் (குழலுக்குள் உறைந்த அடைப்புகள்) தெரிந்தாலும், அவை சிதைந்த இரத்தத்தின் ஹீமோகுளோபினாகவும் இருக்கலாம், பின்னது மயோகுளோபினையே குறிவைத்துக் காட்டுவதால், நீதிமன்றத்துக்கு அதுவே வலுவான சான்று என்பேன். ஆனால் தசை சிதைந்தது அடியாலா, தீக்காயத்தாலா, போதைமருந்தாலா என்பதை அதுவும் சொல்லாது.

முதற்கட்டத் தேடலுக்கு முன்னது போதும். காவலில் நேர்ந்த மரணம், உடலில் அடித்தடங்கள் என்றால் பின்னதைத் தவிர்க்கவே கூடாது.