அத்தையின் பாதம் வீடியோவில் தெரியவில்லை

ஒன்பது வருடம் கழித்து இந்த வைகாசியில்தான் அத்தை ஊருக்கு வந்தார். அறந்தாங்கிப் பக்கம் குலதெய்வக் கோவில் திருவிழா, அதோடு என் நான்கு வயது மகனுக்குக் காதுகுத்து. மகளுக்கு ஜூன் பள்ளி விடுமுறை. எல்லாம் கூடிவர, மூன்று வாரப் பயணம். ஊரில் இருந்த நாள்களைவிட, கிளம்பும் முன் இங்கே சிங்கப்பூரில், ஈசூனில் மருத்துவம் பார்த்த ஐந்து வாரங்களைப் பற்றித்தான் அதிகம் எழுதப்போகிறேன். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு அதுதான் பயன்படும் என்று நினைக்கிறேன்.

அத்தை 1953-ல் இங்கேயே பிறந்தவர், 1950-களில் பிறந்தவர்களை இங்கே அழைக்கும் பெயரில் சொன்னால் மெர்டேக்கா தலைமுறை. இருபது வருடமாகச் சர்க்கரை நோய், இரவில் இன்சுலின். முட்டி வலி இருப்பதால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் உட்கார்ந்து காத்திருப்பது அவருக்குச் சிரமம். அதனால் பயணத்துக்கு முந்தைய பரிசோதனையை வீடியோவில் முடித்துவிடலாம் என்று நானே ஏற்பாடு செய்தேன். ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் முந்தைய வாரம் நேரில் போய்வந்தோம்.

அந்த வீடியோ சந்திப்பைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அத்தை தேதி போட்டு எழுதி வைத்திருந்த சர்க்கரை நோட்டை நான் பக்கம் பக்கமாகக் கேமராவில் காட்ட, டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். ஊர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, இரவு ஊசியை எப்படி நகர்த்துவது என்று சொன்னார். இன்சுலினைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியறைக் குளிரில் உறைந்து கெட்டுப் போகலாம் என்றார். மருந்துகளின் பொதுப்பெயர் போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். இது பெரிய உதவி. ஊர் மருந்துக்கடையில் நம் மாத்திரையின் பிராண்ட் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைச் சொன்னால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். இதுபோன்ற நீண்டகால நோய்களுக்கு 2020 முதல் வீடியோ சந்திப்புக்கும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். மாத்திரை வீட்டுக்கே வந்துவிட்டது.

முடிக்கும்போது டாக்டர் கேட்டார்: "இந்த வருஷம் பாதப் பரிசோதனை செய்தாச்சா?"

செய்யவில்லை. நான் போனை அத்தையின் காலடிக்குக் கொண்டுபோனேன். வரவேற்பறை விளக்கில் பாதம் மஞ்சளாகத் தெரிந்தது, அவ்வளவுதான். "இது நேரில்தான்மா பார்க்கணும், கூட்டிட்டு வாங்க" என்றார். அத்தைக்கு இஷ்டமில்லை. "காலுக்கு என்ன, நல்லாத்தானே நடக்குறேன்" என்றார். எனக்கும் மறுபடி விடுப்பு எடுக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது. சரி, போவோம் என்று போனோம்.

அங்கே பார்த்தவர் மலாய்ச் செவிலி. கையில் பேனா மாதிரி ஒரு பிடி, அதன் நுனியில் தூண்டில் நரம்பைப் போல மெல்லிய நைலான் இழை. அத்தையைக் கண்ணை மூடச் சொன்னார். இழையைப் பாதத்தில் ஓர் இடத்தில் வைத்து, அது வளையும் அளவுக்கு அழுத்திவிட்டு "ராசா தாக்?" என்று கேட்டார். தெரிகிறதா இல்லையா என்று அர்த்தம். பழைய சிங்கப்பூர்க்காரரான அத்தைக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு. "அடா, அடா" (இருக்கு, இருக்கு) என்று வலது கால் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இடது காலில் பெருவிரல் அடியில் இழை வளைந்து நின்றது. அத்தை பேசவில்லை. பக்கத்தில் வைத்து அழுத்தினார், அங்கேயும் பேசவில்லை. மூன்றாவது இடத்திலும் இல்லை. கண்ணை மூடியபடியே "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

சுண்டுவிரல் இடுக்கில் அரிசி அளவுக்கு ஒரு வெடிப்பும் இருந்தது. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை பல வருடம் இருந்தால் பாத நரம்புகள் மெல்ல மரத்துப் போகும். முள் குத்தினாலும் சூடுபட்டாலும் உறைக்காது, புண் பெரிதான பிறகுதான் கண்ணில் படும். இதைக் கேள்விப்பட்டதுண்டு, எதிரில் நடந்து பார்த்ததில்லை. இவரைத்தான் நான் வைகாசி வெயிலில், கோவில் கல்தரையில், செருப்பில்லாமல் நடக்கவைக்கக் கூட்டிப் போகவிருந்தேன். வெடிப்புக்கு மருந்து போட்டு, இரண்டு வாரத்தில் ஆறியதை மறுபடி நேரில் காட்டிய பிறகுதான் மனபாரம் கொஞ்சம் இறங்கியது.

பிள்ளைகளின் தடுப்பூசிக்கு நேரில்தான் போயாக வேண்டும், ஊசியைப் போனில் போட முடியாதே. டான் டோக் செங் மருத்துவமனையில் பயணிகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. நாங்கள் பிள்ளைகளை அறிந்த குடும்ப மருத்துவரிடமே போனோம். ஹெல்த்ஹப் என்ற அரசாங்க மருத்துவப் பதிவுத் தளத்தில் இருவரின் தடுப்பூசிப் பதிவும் இருந்ததால் பழைய அட்டையைத் தேடும் வேலை இல்லை. டைஃபாய்டு ஊசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட வேண்டும். கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் ஏ நோய்க்கான ஊசி இங்குள்ள குழந்தைகளின் வழக்கமான பட்டியலில் இல்லை, அதையும் போட்டோம். காதுகுத்துக்குத் தனியாக டிடி (டெட்டனஸ்) ஊசி வேண்டுமா என்று கேட்டேன், ஊரில் பெரியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மகனின் பதிவைப் பார்த்துவிட்டுத் தேவையில்லை என்றார்.

அவர் அதிக நேரம் பேசியது நாய்களைப் பற்றி. அறைக்குள் வந்ததும் மகன் அவர் மேசையிலிருந்த நாய்ப் பொம்மையைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பேச்சையே எடுத்தார். சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. இங்கே வளரும் பிள்ளைக்கு எந்த நாயும் தடவிக்கொடுக்க வேண்டிய நாய்தான். ஊரில் அப்படியில்லை. முன்னெச்சரிக்கை ஊசி இரண்டு தவணை, ஏழு நாள் இடைவெளி. அதைப் போட்டிருந்தாலும் கடித்தால் மறுபடி ஊசி உண்டு, ஆனால் காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்து தேவைப்படாது. கடித்தாலோ கீறினாலோ முதலில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் போட்டோம். செலவு உண்டுதான், எனக்கு அதில் வருத்தமில்லை.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, இரவு 11 மணிக்கு, மகன் காது வலி என்று அழுதான். ஒரு செயலியைத் திறந்து வீடியோவில் டாக்டரைப் பிடித்தேன். எந்தக் காது என்றுகூட முழுதாகக் கேட்கவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் ஆன்டிபயாடிக் அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார். எனக்குக் கோபமாக வந்தது, இப்போதும் இருக்கிறது. இதைவிடவும் குறைவாக, ஒரு நிமிடம்கூட நீடிக்காத சந்திப்புகள் பெருகியதால்தான் 2024-ல் சுகாதார அமைச்சு ஒரு நிறுவனத்தின் உரிமத்தையே ரத்து செய்தது. அந்த மருந்தை நான் கொடுக்கவில்லை. வலிக்குப் பாராசிட்டமால் கொடுத்துத் தூங்கவைத்து, காலையில் புளோக்குக்குக் கீழே இருக்கும் மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்த டாக்டர், "குறும்பி கட்டியா அடைச்சிருக்கு, செவிப்பறை நல்லா இருக்கு" என்றார். சொட்டு மருந்து கொடுத்தார், மறுநாள் சுத்தம் செய்தார். விமானம் இறங்கும்போது எதையாவது மென்று விழுங்கவைக்கச் சொன்னார். திருச்சியில் இறங்கும்வரை கடலை மிட்டாயை மென்றுகொண்டே வந்தான்.

ஊரில் பகலில் வெயில் தாங்க முடியவில்லை. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலினை 30 டிகிரிக்குள் வைக்க வேண்டும், கரண்டோ நினைத்தால் போகும். சின்ன அத்தை இரண்டு மண்பானை வாங்கி, பெரியதில் ஈர மணலைப் போட்டு, சின்னதை அதற்குள் இறக்கி, மேலே ஈரத்துணி போட்டு மூடிக் கொடுத்தார். தெருவில் இன்சுலின் போடும் இன்னும் இரண்டு வீடுகளில் அதேதான். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் ஒருவர் பக்கத்து வீட்டுக்கு வந்தார். அத்தைக்கும் பிரஷர் பார்த்துவிட்டு, கடிதத்தைப் படித்து, மருந்து தீர்ந்தால் எங்கே கேட்க வேண்டும் என்று விவரமாகச் சொன்னார். எவ்வளவு கனிவாகப் பேசினார்!

இங்குள்ள டாக்டரை அங்கிருந்து வீடியோவில் பிடிக்கலாம் என்று யாரும் நம்பியிருக்காதீர்கள். சந்திப்பின்போது நோயாளி சிங்கப்பூரில் இருக்க வேண்டும் என்று எங்களிடம் முன்பே சொல்லிவிட்டார்கள்.

திருவிழா அன்று விடியும் முன்பே, கல் சூடேறுவதற்குள், அத்தையைக் கோவிலுக்குக் கூட்டிப் போனோம். தடித்த பருத்திக் காலுறை போட்டிருந்தார். சாமி முன்னால் காலுறையோடு நிற்பதா என்று தயங்கியவரிடம் பூசாரியே, "ஆத்தா ஒண்ணும் சொல்லாது, உள்ள வாங்கம்மா" என்றார். தினமும் இரவு மகள் கைக்கண்ணாடி பிடிக்க, அத்தை பாதத்தின் அடியைப் பார்ப்பார். இங்கே வந்த பிறகும் அது நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு இரண்டாவது ஹெப்படைட்டிஸ் ஏ ஊசி ஆறு மாத இடைவெளியில் வருகிறது. அதே வாரத்தில் அத்தையின் காலை மறுபடி காட்டவும் நேரம் வாங்கிவிட்டேன், இரண்டும் நேரில்தான்.