மணலின் வயதைச் சொன்ன ஆய்வகம்: ஒளிர்வுக் காலக்கணிப்புச் சேவை பற்றிய மதிப்புரை

ஆற்றுப்படுகை மணல் மாதிரிகள் மூன்றுக்கு வயது காண நாங்கள் நாடிய ஆய்வகத்தின் பணி, ஏழு மாதக் காத்திருப்புக்குத் தகுந்ததாகவே இருந்தது. மணலில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிம மணிகள் கடைசியாக வெயில் பட்டதிலிருந்து சேமித்த கதிர்வீச்சு அளவை அவற்றின் ஒளிர்விலிருந்து அறிந்து, அதை ஆண்டொன்றுக்கு அவை பெறும் அளவால் வகுத்தே வயது கணக்கிடப்படுவதால், எஃகுக் குழாயை அடித்து இறக்கி வெளிச்சம் படாமல் மண் எடுப்பதையும், அதன் ஈரத்தைக் காக்க வேண்டிய காரணத்தையும் அவர்கள் முன்கூட்டியே பொறுமையாக விளக்கினார்கள். வயதோடு பிழை வரம்பும் தந்தார்கள். புதைவதற்கு முன் போதிய வெயில் படாத மணிகள் கலந்த ஒரு மாதிரியின் முடிவை நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதியிருந்த நேர்மையை மிகவும் மதிக்கிறேன். தமிழ்நாட்டின் தொல்பழங்கால அகழாய்வுத் தலமான அத்திரம்பாக்கத்தில் கண்டதுபோல் சுமார் 3,85,000 ஆண்டுப் பழமையை எட்ட, ஃபெல்ட்ஸ்பார் என்ற மற்றொரு கனிமத்தின் அளவீடு தேவை. அந்த வசதி இங்கே இல்லை.