கப்பலில் இரவு விருந்துக்கு வேட்டியா, கோட்டா: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

சொகுசுக் கப்பலில் இரவு உணவுக்கு எந்த அளவுக்கு உடுத்திக்கொண்டு போக வேண்டும் என்ற கேள்விக்கு, கப்பல் நிறுவனம் அனுப்பும் குறிப்பில் பாதி விடைதான் இருக்கும். மீதி விடை எந்த இரவு, எந்த உணவுக்கூடம் என்பதைப் பொறுத்தது. மகன் சிங்கப்பூரில் இருப்பதால் அங்கிருந்தும், பின்னர் சென்னையிலிருந்தும், ஒருமுறை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்தும் நானும் என் மனைவியும் இப்படிப் பயணம் செய்திருக்கிறோம். இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற கடலோர ஊரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விசைப்படகில் ஏறுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, கப்பலில் கோட்டும் டையும் என்றதும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. விருந்துக்கென்று உடுத்திக்கொள்ளும் வழக்கம் இப்போது எனக்குப் பிடித்துவிட்டது. கோட்டு மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

நிறுவனத்துக்கு நிறுவனம் கெடுபிடி மாறும். கியூனார்ட் கப்பல்களில் மாலை 6 மணிக்கு மேல் உடை விதி உண்டு; காலா இரவு, அதாவது சிறப்பு விருந்து இரவு, என்று அறிவித்த நாளில் ஆண்கள் கோட்டும் டையும் அணிவதையே எதிர்பார்க்கிறார்கள். கார்னிவல் கப்பல்களில் 2 முதல் 5 நாள் வரையிலான பயணத்தில் ஓர் இரவும், அதற்கு மேற்பட்ட பயணங்களில் இரண்டு இரவுகளும் சற்று உயர்ந்த உடைக்கானவை. நார்வேஜியனில் கட்டாயமே இல்லை. 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலில் பெரும்பாலும் நம் நாட்டுக் குடும்பங்கள்தாம். கல்யாண வரவேற்புக்குப் போவதுபோல் போனால் போதும். எந்தக் கப்பலானாலும் பஃபே கூடத்தில் விதி தளர்ந்துதான் இருக்கும். அரைக்கால் சட்டையோடு முதன்மை உணவுக்கூடத்துக்கு வருகிறவரை வாசலில் நிற்பவர் மிகுந்த மரியாதையோடு அந்தப் பக்கம் அனுப்பிவைப்பார்.

பெட்டி கட்டும்போது நான் முதலில் பார்ப்பது பயண அட்டவணையை. விருந்து இரவுகள் பெரும்பாலும் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாமல் கடலிலேயே இருக்கும் நாள்களில் வரும்; அன்று எல்லாருக்கும் உடுத்திக்கொள்ள நேரம் இருக்கும் என்பதுதான் காரணம். ஏறிய முதல் நாள் பெட்டிகள் அறைக்கு வந்து சேரத் தாமதமாகும் என்பதால் அன்று பொதுவாக எளிய உடையே போதும். ஆகவே அட்டவணையில் கடல் நாள் எத்தனை என்று எண்ணினாலே, நல்ல உடை எத்தனை தேவை என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஒவ்வொரு இரவுக்கும் ஒன்று என்று பட்டுச் சேலைகளை அடுக்குவது மதுரை விமான நிலையத்தில் எடை கூடுவதற்கு மட்டுமே உதவும்.

சேலையைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுத் தேர்வு, பரமக்குடி, எமனேசுவரம் தறிகளில் நெய்யும், பட்டும் பருத்தியும் கலந்த சேலை. காஞ்சிபுரம் பட்டு அழகில் குறைந்ததன்று; ஆனால் எங்கள் கடலோரக் காற்றில் பீரோவுக்குள் இருக்கும்போதே அதன் சரிகை கறுக்கத் தொடங்கிவிடுகிறது, எடையும் அதிகம். கலப்புச் சேலை பெட்டியில் இடம் பிடிக்காது. மாடி விட்டு மாடி இறங்கும்போது, கப்பல் இலேசாக ஆடினாலும், உடம்போடு நிற்கும். என் மனைவி சேலையை வழக்கத்தைவிட ஒரு விரற்கடை உயர்த்திக் கட்டி, கொசுவத்தைச் செருகிய இடத்துக்குச் சற்றுக் கீழே உள்பக்கமாக ஓர் ஊக்குக் குத்திக்கொள்வார். காலில் தட்டைச் செருப்பு. உணவுக்கூடத்தின் ஏசி குளிருக்கு முந்தானையைச் சுற்றிப் போர்த்திக்கொள்வதே போதும் என்பார். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு சால்வை எடுத்துக்கொள்வது நல்லது.

ஆண்களுக்கு நான் சொல்வது வேட்டிதான். ஒரு நாட்டின் மரபான விருந்துடையை கியூனார்ட் தன் காலா இரவுகளிலேயே ஏற்றுக்கொள்கிறது. இருந்தாலும் எந்த நிறுவனமானாலும் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைக் கைபேசியில் வைத்துக்கொள்வேன். அதைக் காட்ட வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை. பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரம் ஆகிய மூன்றும் இருந்தால் விருந்துடைக்குக் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. நான்கு முழத்தைவிட எட்டு முழமே மேசைக்கு முன் கௌரவமாக அமரும். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வகை வேட்டியில் பை வைத்துத் தைத்தது கிடைக்கிறது. அறைக் கதவைத் திறக்கவும் வாங்குவதைக் கணக்கில் எழுதவும் கப்பலில் ஓர் அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்க வேண்டியிருப்பதால், அந்தப் பை பெரிய வசதி. வேட்டியின் கரை நிறத்தில் மட்டும் கவனம் வேண்டும். கட்சிக் கொடியின் நிறம் தெரிந்தால், பக்கத்து மேசைத் தமிழர் சாப்பாடு முடியும்வரை அரசியல் பேசுவார். சாப்பிட்ட பின் மேல்தளத்தில் காற்று வாங்க விரும்புகிறவர்கள் அறைக்குப் போய்க் கால்சட்டை மாற்றிக்கொண்டு போவது உத்தமம். அங்கே அடிக்கும் காற்று தனுஷ்கோடிக் காற்றுக்குச் சற்றும் குறைந்ததன்று.

கோட்டு வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டில் ஓரிரு முறை வெளியே எடுப்பதற்காக மீதி மாதங்களெல்லாம் உப்பங்காற்றில் அதைப் பாதுகாக்க வேண்டியிருக்கிறது. என்னுடையதில் காலர் மடிப்பில் பூஞ்சை படிந்தது. மார்புப் பகுதியில் உள்ளே ஒட்டிய துணி விட்டு, மேலே கொப்புளம்போல் எழும்பியது. தையற்காரர் சரிசெய்ய இயலாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே பீரோவில் அதே காலம் இருந்த பட்டு வேட்டியை, மடிப்பை மட்டும் அவ்வப்போது மாற்றி வைத்ததில், இன்றும் உடுத்துகிறேன்.

இஸ்திரிப் பெட்டியை எடுத்துப் போக வேண்டாம். தீ அபாயம் கருதிப் பெரும்பாலான கப்பல்களில் அது தடைசெய்யப்பட்டது, பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். சில நிறுவனங்களின் கப்பல்களில் பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறை உண்டு. ராயல் கரீபியனில் அது இல்லை. காசு கொடுத்துத் தேய்த்து வாங்க வேண்டும். தேய்க்கும் அறை உள்ள கப்பல்களில் விருந்து நாள் மாலையில் அங்கே வரிசை நீளும் என்பதால், நாங்கள் காலை உணவுக்கு முன்பே வேலையை முடித்துவிடுவோம். கடைசி இரவில் பெட்டிகளைக் கட்டி அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டியிருக்கும். ஆகவே விருந்துத் துணிகளை அன்று மதியமே மடித்து உள்ளே வைத்துவிட்டு, மறுநாள் இறங்கும்போது உடுத்தும் உடையிலேயே அன்றைய இரவு உணவுக்கும் போய்விடலாம். அன்று பெரும்பாலும் எல்லாரும் அப்படித்தான் வருகிறார்கள்.