பெர்லைச் சோர்ஸிலிருந்து பில்ட் செய்வது: லினக்ஸ், மேக்ஓஎஸ், விண்டோஸ் என்று பல வருட அனுபவம்

பெர்ல் என்ற நிரல் மொழியை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள் என்ற கேள்விக்கு இங்கே பதில் சொல்லப் போவதில்லை, பயன்படுத்துகிறவர்கள் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். நான் வேலை பார்க்கும் இடத்தில் சர்வர்கள் ஒரே ரகமாக இருப்பதில்லை. பெரும்பாலும் லினக்ஸ், ஒன்றிரண்டு ஃப்ரீபிஎஸ்டி, பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் ஏஐஎக்ஸ், டெவலப்பர்கள் மேசையில் மேக்புக், கணக்குப் பிரிவில் விண்டோஸ். இத்தனையிலும் ஒரே பதிப்பு ஒரே மாதிரி ஓட வேண்டும் என்றால் ஓஎஸ்ஸோடு வருகிற பெர்லை நம்பி உட்கார முடியாது, சோர்ஸை, அதாவது மூல நிரலை, இறக்கி நாமே பில்ட் செய்துகொள்ள வேண்டியதுதான். அந்த வேலையில் கம்பைலரை வரிசையாக ஓட்டுகிற மேக் (make) கமாண்ட் செய்வது கொஞ்சம், அதற்கு முன் இயந்திரத்தைச் சோதித்து அமைப்புகளைத் தீர்மானிக்கிற கான்ஃபிகர் என்ற ஷெல் ஸ்கிரிப்ட் செய்வதுதான் அதிகம். வருடக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டியதில் எது பிடித்தது, எது எரிச்சல் தந்தது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. மற்ற திறமூல மென்பொருள்களில் பார்க்கிற ஆட்டோகான்ஃப் என்ற கருவி உருவாக்குகிற வகை கான்ஃபிகர் அல்ல இது. பெர்லின் முதல் பதிப்பு 1987 டிசம்பரில் வந்தது, ஆனால் பெர்லை உருவாக்கிய லாரி வால் அதற்கு முன்பே ஆர்என் என்ற செய்திக்குழு வாசிப்பானுக்காக இப்படி ஒரு ஸ்கிரிப்டை எழுதிவிட்டார், அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இது. இப்போதும் யாரும் இதை நேராகக் கையால் எழுதுவதில்லை, மெட்டாகான்ஃபிக் என்ற கருவி சின்னச் சின்னத் துண்டுகளைச் சேர்த்து உருவாக்குகிறது. எந்த ஆப்ஷனும் தராமல் ஓட்டினால் நம்மோடு பேச ஆரம்பித்துவிடும். சோர்ஸில் எல்லா ஃபைலும் வந்திருக்கிறதா என்று பார்க்கும், ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும், பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் தன் யூகத்தையும் வைக்கும், நாம் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். நடுவில், ‘வாழ்த்துகள், நீங்கள் யூனிஸ் ஓட்டவில்லை’ என்று ஒரு வரி வரும். யூனிஸ் என்பது விஎம்எஸ் கணினிகளில் யூனிக்ஸ் போல நடித்த ஒரு பழைய சூழல், இன்றைக்கு அதை ஓட்டுகிற ஆளைத் தேடினாலும் கிடைக்காது. அடுத்து ஜெனிக்ஸும் இல்லை, வெனிக்ஸும் இல்லை என்று வரும், அவையும் பழைய யூனிக்ஸ் வகைகள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள், நானும் தடுப்பதில்லை.

ஒரு முறையாவது இப்படிக் கேள்வி பதிலாக ஓட்டிப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். எந்த டைரக்டரியில் என்ன போகும், த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் பல ஓட்டங்கள்) வேண்டுமா, லைப்ரரிகளிலிருந்து ஃபங்ஷன் பெயர்களை என்எம் என்ற கருவியை வைத்து எடுக்கட்டுமா என்று அது கேட்கிற வரிசையிலேயே நிரலை வாசித்து ஓட்டுகிற ஒரு இன்டர்பிரட்டர் தன் இயந்திரத்தைப் பற்றி என்னவெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பது புரிந்துவிடும். அப்புறம் தினசரி வேலைக்கு டி, இ, எஸ் என்ற மூன்று எழுத்து ஆப்ஷன் போதும்: எல்லாவற்றுக்கும் இயல்பான பதிலையே எடுத்துக்கொள், நடுவில் நிற்காதே, வாயைத் திறக்காதே.

உள்ளே நடப்பது எளிமையான விஷயம்தான். யூயூ என்ற பெயரில் ஒரு தற்காலிக ஃபோல்டர் போட்டுக்கொள்ளும், அதற்குள் பத்துப் பதினைந்து வரி சி நிரல்களை எழுதி, கம்பைல் செய்து, ஓட்டி, பதிலைக் குறித்துக்கொள்ளும். இன்ட் எத்தனை பைட், பைட் வரிசை எந்தப் பக்கம், புது ப்ராசஸ் கிளப்புகிற ஃபோர்க் இருக்கிறதா, மொழி, நாட்டு வழக்கங்களுக்கான லோகேல் ஃபங்ஷன்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று நூற்றுக்கணக்கான சோதனைகள். ஒன்று முடிந்துதான் அடுத்தது. அதனால் நல்ல பல கோர் இயந்திரத்திலும் இந்தப் பகுதி மட்டும் தன் வேகத்தில்தான் ஊர்ந்து போகும், ஜே ஆப்ஷன் போட்டுப் பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யச் சொல்லி மேக்கை விரட்டுகிற மாதிரி இதை விரட்ட வழியில்லை. விண்டோஸில் யூனிக்ஸ் போன்ற சூழல் தருகிற சிக்வினில் ஓட்டினால் இன்னும் மோசம். அங்கே ஃபோர்க் செய்வதே மெதுவான வேலை, இந்த ஸ்கிரிப்டோ வரிக்கு வரி புதுப் புது ப்ராசஸாகக் கிளப்புகிற ரகம், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது முடிவுகளைப் பதிவு செய்கிற விதம். கண்டுபிடித்த ஒவ்வொன்றும் கான்ஃபிக்.எஸ்எச் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் வரிக்கு ஒரு மதிப்பாக உட்கார்ந்திருக்கும், அதிலிருந்துதான் மேக் படிக்கிற மேக்ஃபைலும் சி ஹெடரும் உருவாகின்றன. அதோடு முடியவில்லை, பில்ட் ஆன பெர்லுக்குள்ளேயும் அதே விவரம் போய்விடுகிறது. பெர்லுக்குப் பெரிய வி ஆப்ஷன் கொடுத்தால் எந்தக் கம்பைலர், என்ன ஃபிளாக், கான்ஃபிகருக்கு என்ன ஆப்ஷன் கொடுத்தோம், எல்லாம் வரும். வி-க்குப் பக்கத்தில் முக்காற்புள்ளி வைத்து ஐவிசைஸ் (முழு எண்ணின் பைட் அளவு) என்று கேட்டால் அந்த ஒரு வரி மட்டும் வரும், 64 பிட் பில்டாக இருந்தால் 8.

இது எவ்வளவு உதவும் என்றால், ஒரு நாள் ஒரு சர்வரில் டேட்டாபேஸ் மாட்யூல் லோட் ஆக மறுத்தது. ஹேண்ட்ஷேக் கீ பொருந்தவில்லை, லைப்ரரியும் பெர்லும் வேறு வேறு என்ற அர்த்தத்தில் பிழைச்செய்தி. பார்த்தவர்கள் நெட்வொர்க், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் என்று எங்கெங்கோ போய்விட்டார்கள். இணைப்பின் தொடக்கத்துக்கும் ஹேண்ட்ஷேக் என்றுதான் பெயர், அப்படித்தானே தோன்றும்? இரண்டு பெர்லிடமும் த்ரெட் உண்டா என்று காட்டுகிற யூஸ்ஐத்ரெட்ஸ் மதிப்பு என்ன என்று கேட்டோம். ஓஎஸ்ஸோடு வந்த டெபியன் பெர்லில் த்ரெட் உண்டு, நாங்கள் பில்ட் செய்ததில் இல்லை. த்ரெட் உள்ள பெர்லுக்குக் கம்பைல் ஆன மாட்யூல் ஃபோல்டரை எங்கள் பெர்ல் மாட்யூல் தேடும் பாத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். மறுபடி கம்பைல் செய்ததும் தீர்ந்தது. த்ரெட் இருப்பதும் இல்லாததும் உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்சர்களின் அமைப்பையே மாற்றிவிடும், அதனால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு மாட்யூல் ஃபோல்டர் வைக்க முடியாது. த்ரெட் போட்டால் சாதாரண ஒற்றை ஓட்டத்திலும் வேகம் கொஞ்சம் குறையும், ஆகவே தேவை இல்லாத இடத்தில் போடுவதில்லை.

பதிவு செய்வதில் ஒரு குடைச்சலும் உண்டு. பில்ட் செய்த இயந்திரத்தின் பெயர், கெர்னல் பதிப்பு எல்லாம் அந்த வி வெளியீட்டில் வந்து நிற்கும். உள் சர்வர் பெயர் வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டாம் என்றால் இயந்திர விவரமான யூநேம் மதிப்பையும் மின்னஞ்சல் மதிப்பையும் முன்கூட்டியே ஆப்ஷனாகக் கொடுத்துவிடுங்கள்.

சரி, எரிச்சல்களுக்கு வருகிறேன். ஹின்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் ஓஎஸ்ஸுக்கு ஒரு ஃபைல்: லினக்ஸ், டார்வின் (மேக்ஓஎஸ்ஸின் அடித்தளம்), ஃப்ரீபிஎஸ்டி, ஏஐஎக்ஸ், சோலாரிஸ் என்று. சோதித்துக் கண்டுபிடிக்க முடியாததை அனுபவசாலிகள் எழுதிவைத்த குறிப்புகள் அவை, பலதும் அருமையானவை. உதாரணமாக மேக்ஓஎஸ்ஸின் ஃபைல் சிஸ்டம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. பெர்ல் பில்டோ பெரிய எம்மில் ஒரு மேக்ஃபைலும் சின்ன எம்மில் இன்னொன்றும் போடுகிற பழக்கம் உள்ளது, அங்கே ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். டார்வின் ஹின்ட் ஃபைல் அதற்கு க்னூமேக்ஃபைல் என்று பெயரை மாற்றிவிட்டுப் போகிறது. இதை எந்தச் சோதனையும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்காது.

ஆனால் இத்தனை வருடத்தில் என்னைப் படுத்திய பில்ட் உடைப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஓட்டிப் பார்த்து முடிவு செய்த இடத்தில் கான்ஃபிகர் தவறியது அபூர்வம். பெயரையும் பதிப்பு எண்ணையும் ஃபைல் இருக்கும் இடத்தையும் நம்பி முடிவு செய்த இடங்களில்தான் கவிழ்ந்திருக்கிறது.

2011-இல் உபுண்டு 11.04 பல கட்டமைப்புகளின் லைப்ரரிகளை ஒரே கணினியில் வைக்க உதவும் மல்டிஆர்ச் முறைக்கு மாறி, லைப்ரரிகளை யுஎஸ்ஆர் லிப்புக்கு உள்ளே கட்டமைப்பின் பெயரில் இன்னொரு ஃபோல்டர் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்தது. கான்ஃபிகர் லைப்ரரி ஃபைலை நேராகத் தேடிப் பார்த்துத்தான் லிங்க் பட்டியலில் சேர்க்கும். பழைய இடத்தில் கணித லைப்ரரி இல்லை, எனவே பட்டியலில் அது விழவே இல்லை, கடைசியில் பவ், ஃப்ளோர் போன்ற கணித ஃபங்ஷன்கள் எல்லாம் எங்கே என்று, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கிற லிங்கர் கத்தியது. கம்பைலருக்கோ அந்த இடம் நன்றாகத் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். பிறகு லினக்ஸ் ஹின்ட் ஃபைலில் அதைத்தான் செய்தார்கள், ஜிசிசி கம்பைலரிடமே தேடும் பாதைகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

2020-இல் ஜிசிசி 10 வந்தபோது நடந்தது இன்னும் வேடிக்கை. ஆதிகாலத்து ஜிசிசி 1-க்காக ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது: பதிப்பு 1* என்று பொருந்தினால் பிசிசி ஸ்ட்ரக்ட் ரிட்டர்ன் என்ற ஃபிளாக்கைச் சேர். எழுதியவர் காலத்தில் ஜிசிசிக்கு இரட்டை இலக்கத்தில் பதிப்பு வரும் என்று யார் கண்டது! 10 என்பதும் 1-இல்தானே தொடங்குகிறது, பொருந்திவிட்டது. ஒரு ஃபங்ஷன் ஸ்ட்ரக்டைத் திருப்பித் தரும் முறையையே மாற்றுகிற ஃபிளாக் அது, மற்ற லைப்ரரிகள் எதிர்பார்ப்பது ஒன்று, இது செய்வது வேறு. திருத்தம் என்று பார்த்தால் 1-க்குப் பின்னால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். புதிய வெளியீடுகளில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் புதிய டிஸ்ட்ரோவில் பழைய பெர்ல் பில்ட் செய்கிறவர்கள் இன்றும் இதில் இடறுவார்கள்.

அதே வருடக் கடைசியில் மேக்ஓஎஸ் 11. அதுவரை வருடக்கணக்காக 10 புள்ளி ஏதோ என்றே இருந்ததால் டார்வின் ஹின்ட் ஃபைல் அதைத் தவிர வேறு எண்ணை ஏற்காது, இது எதிர்பாராத பதிப்பு என்று சொல்லி நின்றுவிட்டது. டிப்ளாய்மென்ட் டார்கெட் என்விரான்மென்ட் வேரியபிளில் 10.15 என்று போட்டால் அந்தச் சோதனையைத் தாண்டிவிடலாம். பழைய பதிப்புகள் நிறைய வேண்டியவர்கள் பல பெர்ல் பதிப்புகளை நிறுவித் தருகிற பெர்ல்ப்ரூ பயன்படுத்துங்கள், அது டெவல் பேட்ச்பெர்ல் என்ற மாட்யூலைக் கொண்டு இந்த மாதிரித் திருத்தங்களைப் பழைய சோர்ஸில் தானே போட்டுவிடும்.

சிக்வின் இல்லாத நேரடி விண்டோஸ் பில்டில் இந்தக் கதையே இல்லை, ஏனென்றால் அங்கே கான்ஃபிகரே ஓடாது. வின்32 ஃபோல்டருக்குப் போய் அங்கே இருக்கும் மேக்ஃபைலைத் திறந்து, எங்கே நிறுவுவது, எந்தக் கம்பைலர் என்று நாமே எழுத வேண்டும். விஷுவல் சி கம்பைலர் என்றால் என்மேக், விண்டோஸுக்கான ஜிசிசியான மிங்டபிள்யூ என்றால் ஜிமேக். கான்ஃபிகர் கண்டுபிடித்திருக்க வேண்டிய பதில்களை ஒவ்வொரு கம்பைலருக்கும் ஒரு ஃபைலாக முன்பே நிரப்பி வைத்திருக்கிறார்கள். சோதனைகள் கிடையாது என்பதால் சட்டென்று மேக் ஓட்டத்துக்கே போய்விடலாம், உண்மையில் எனக்கு விண்டோஸ் பில்ட்தான் தொந்தரவு குறைந்தது. கவனிக்க வேண்டியது ஃபோர்க். விண்டோஸில் அது உண்மையான ப்ராசஸ் அல்ல, உள்ளே த்ரெட் வைத்து நடிக்கிறது, சைல்டின் அடையாள எண் கூட மைனஸில் வரும். எண் பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று பார்த்து பேரன்ட் யார் என்று முடிவு செய்கிற ஸ்கிரிப்ட்கள் அங்கே தடுமாறும்.

வேறு கட்டமைப்புக்காகப் பில்ட் செய்வது, அதாவது நம் லேப்டாப்பில் கம்பைல் செய்து ஆர்ம் போர்டில் ஓட்டுவது, கான்ஃபிகருக்கு ஒத்துவராத விஷயம். அதன் பலமே ஓட்டிப் பார்ப்பதுதான், ஓட்ட முடியாத இடத்தில் என்ன செய்யும்? சின்ன நிரல்களை எஸ்எஸ்எச் வழியாகவோ ஆண்ட்ராய்டு என்றால் ஏடிபி வழியாகவோ அந்தக் கருவிக்கே அனுப்பி ஓட்டிப் பதில் வாங்குகிற வசதி இருக்கிறது. இருக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம். நடைமுறையில் பெர்ல்-கிராஸ் என்ற தனித் திட்டம்தான் வசதி, கம்பைல் மட்டும் செய்து ஓட்டாமலே விடைகளைக் கண்டுபிடிக்கும், சின்னக் கருவிகளுக்கான லினக்ஸைக் கட்டுகிற பில்ட்ரூட்டும் அதைத்தான் பயன்படுத்துகிறது.

பைதானையும் இப்படிப் பில்ட் செய்கிறோம், அங்கே தலைவலி வேறு. குறியாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹெடர் இல்லையென்றால் கடைசியில் ஒரு பட்டியலில் சொல்லிவிட்டு எஸ்எஸ்எல் இல்லாமலேயே முடித்துவிடும். பில்ட் லாகை யாரும் படிப்பதில்லை, ஒரு வாரம் கழித்து மாட்யூல்களை நிறுவுகிற பிப் வேலை செய்யவில்லை என்று புகார் வரும். பெர்லின் மையத்துக்கு சி கம்பைலரும் சி லைப்ரரியும் இருந்தால் போதும், சுருக்குவதற்கான ஸீலிப் சோர்ஸைக் கூட உள்ளேயே வைத்திருக்கிறார்கள். லுவா மொழி இன்னும் எளிது, மேக் லினக்ஸ் என்று அடித்தால் முடிந்தது, ஆனால் அது செய்கிற வேலையும் அவ்வளவுதான்.

நான் எப்போதும் கொடுக்கிற ஆப்ஷன்கள்: நிறுவும் இடமான ப்ரிஃபிக்ஸில் ஆப்ட்டுக்குக் கீழே பதிப்பு எண்ணோடு தனி ஃபோல்டர் (சிஸ்டம் பெர்ல் மேல் கை வைக்கவே கூடாது, ஓஎஸ்ஸின் பாதிக் கருவிகள் அதை நம்பியிருக்கும்), கன்டெய்னர் என்றால் கையேடுகளுக்கான இரண்டு மேன் பக்க டைரக்டரிக்கும் நன் (வேண்டாம்), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குள் பெர்ல் ஓட்டுகிற பிஎல்பெர்ல் வேண்டும் என்றால் யூஸ்ஷெர்பிலிப். கடைசியில் சொன்னதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், பகிரப்பட்ட லிப்பெர்ல் பின்னால் வேண்டும் என்றால் முழுவதையும் மறுபடி பில்ட் செய்ய வேண்டியிருக்கும்.

நிறுவும் பாதைகள் போன்ற நம் தேர்வுகளை கான்ஃபிகர் பாலிசி.எஸ்எச் என்ற ஃபைலில் தனியாக எழுதிவைக்கும். அடுத்த பதிப்பின் சோர்ஸுக்குள் அதை மட்டும் காப்பி செய்தால் அதே பாதைகள் தானாக வந்துவிடும், ஓஎஸ் மாறினாலும் பரவாயில்லை. கான்ஃபிக்.எஸ்எச்சை அப்படி எடுத்துப் போகாதீர்கள். பழைய ஃபைலைக் கண்டால் கான்ஃபிகர் அதிலிருந்தே இயல்பான பதில்களை எடுத்துக்கொள்ளும், அந்த மூன்றெழுத்து ஆப்ஷனும் சேர்ந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். அதே ஃபோல்டரில் வேறு ஆப்ஷன்களோடு மறுபடி ஆரம்பிக்கிறீர்கள் என்றால் இரண்டு ஃபைலையும் அழித்துவிட்டு ஓட்டுங்கள், சோர்ஸோடு வருகிற இன்ஸ்டால் ஃபைலும் தொடக்கத்திலேயே அதைத்தான் சொல்கிறது.