பெயிண்டிங்: லேபர் மட்டுமா, மெட்டீரியலோட சேர்த்தா?

வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிட்டா முதல்ல வர்ற கேள்வியே இதுதான். மெட்டீரியலோட விட்டா நமக்கு அலைச்சல் இல்ல, ஆனா சதுர அடிக்கு ஒரே ரேட்டா சொல்லிடுவாங்க, அதுல பட்டி (சுவரை மட்டமாக்க பூசுற மாவு) ஒரு கோட்டா ரெண்டு கோட்டா, பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) உண்டா, எந்த பிராண்ட்ல எந்த எமல்ஷன் பெயிண்ட்னு எழுதி வாங்கலன்னா ரேட் கம்மியா தெரிஞ்சதே வினையா போயிடும். நான் அப்படித்தான் ஏமாந்தேன், பிரைமரே அடிக்கல.

லேபர் மட்டும் விட்டா பக்கெட்டை நாமளே வாங்கலாம், சீல் உடைக்கிறத கண்ணால பாக்கலாம். சில பெயிண்ட் டப்பாக்குள்ள பெயிண்டர் காசா மாத்திக்கிற டோக்கன் வேற இருக்கும், அதுக்காகவே சில பேர் ஒரு டப்பா கூடவே கேப்பாங்க (பாவம், அது அவங்க வரும்படி, விடுங்க). தினக்கூலின்னா வேலை இழுக்கும், சதுர அடி கணக்குல பேசுங்க.

ரெண்டுலயும் அளவுதான் முக்கியம். 10க்கு 10 ரூம், 10 அடி உயரம்னா தரை 100 சதுர அடிதான், ஆனா சுவர் 400, சீலிங் 100, மொத்தம் 500. கதவு ஜன்னல் கழிப்பாங்களான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

பக்கத்துல நின்னு பாக்க ஆள் இருந்தா நான் லேபர்தான் சொல்வேன்.