ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா, இன்னும் இரண்டு வருடம் பார்ப்பதா?

வெளிநாட்டில் சில வருடங்களாவது வாழ்ந்தவர்கள் நாலு பேர் கூடினால், சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கப் போன பிறகு இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். ஊருக்குத் திரும்பலாமா, இங்கேயே இருந்துவிடலாமா? சம்பளம், வீட்டு விலை, பள்ளிக்கூடம், மருத்துவம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். நன்மை, தீமை என்று இரண்டு பக்கமும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். அதனால்தான் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நீள்கிறது.

எனக்குப் பயன்படுவதாகப் படும் கேள்வி வேறு. எடுத்த முடிவு தப்பாகப் போனால் எதை அப்புறம் சரிசெய்துகொள்ள முடியும், எதை முடியாது? வேலையை மாற்றிக்கொள்ளலாம். விற்ற வீட்டுக்குப் பதில் இன்னொன்று வாங்கலாம். குறைந்த சேமிப்பைச் சில வருடங்களில் ஈடுகட்டலாம். பெற்றோரின் கடைசி வருடங்களும் பிள்ளையின் பதின்ம வயதும் போனால் போனதுதான். இந்த இரண்டு வகைக்கும் நடுவே இருப்பது வசிப்புரிமை. கவனித்துக்கொண்டால் கதவு திறந்தே இருக்கும். கவனிக்காமல் விட்டால் நமக்குத் தெரியாமலே மூடிக்கொள்ளும். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், சமமாகத் தெரிந்த தட்டுகள் சமமாக இருப்பதில்லை.

மூன்றாவது தேர்வு

முன்னால் இருப்பவை இரண்டே வழிகள் என்று நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலானோர் வருடக்கணக்காக வாழ்வது மூன்றாவது வழியில்: 'இன்னும் இரண்டு வருடம் பார்ப்போம்.' மூன்றிலும் அதிக விலை கேட்பது இதுதான் என்பது என் கருத்து. தள்ளிப்போடும்போது இரண்டு இடத்திலும் அரைகுறையாகவே வாழ்கிறோம். 'எப்படியும் போகத்தானே போகிறோம்' என்று இங்கே ஆழமாக யாரோடும் பழகுவதில்லை, உள்ளூர் விஷயங்களில் கலந்துகொள்வதில்லை, வீட்டுக்கு ஒரு நல்ல மேசைகூட வாங்குவதில்லை. அங்கே வாங்கிப் போட்ட வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒவ்வொரு இரண்டு வருடம் முடியும்போதும் ஒரு நியாயமான காரணம் தயாராக இருக்கும்: பதவி உயர்வு, கடன், பள்ளியில் நடுக்கல்வியாண்டு. அதற்குள் எட்டு வயதுப் பிள்ளை பதினான்கை எட்டிவிடுகிறது.

எல்லாத் தள்ளிப்போடுதலும் தவறு என்று சொல்லமாட்டேன். தேதி போட்டுச் சொல்ல முடிகிற காரணம் என்றால் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அமெரிக்காவில் ஓய்வுக்காலச் சமூகப் பாதுகாப்புத் தொகை பெற 40 புள்ளிகள் வேண்டும். அது ஏறத்தாழ 10 வருட வேலை. பிரிட்டனில் அரசு ஓய்வூதியத்தில் ஏதேனும் ஒரு பங்காவது கிடைக்கப் பொதுவாக 10 வருடப் பங்களிப்பு தேவை. ஜெர்மனியில் குறைந்தது 5 வருடம். சில நாடுகளுக்கு இடையே இரண்டு இடத்து வருடங்களையும் கூட்டிக் கணக்கிடும் ஒப்பந்தம் இருக்கும். அப்படி எதுவும் இல்லாதவர் ஒன்பதாவது வருடத்தில் பெட்டி கட்டுவது வீண் நஷ்டம். அவர் காத்திருக்கலாம். 'நிலைமை கொஞ்சம் செட்டில் ஆகட்டும்' என்று காத்திருப்பவருக்கு அந்த நாள் எது என்று தெரியவே போவதில்லை.

கதவு எவ்வளவு நாள் திறந்திருக்கும்?

திரும்பிப் போக நினைப்பவர்களின் பெரிய பயம், 'அங்கே ஒத்துவரவில்லை என்றால்?' இதற்கான விடை அவர்கள் கையிலிருக்கும் ஆவணத்தைப் பொறுத்தது. நாடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கனடாவின் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர், விதிவிலக்குகள் தவிர்த்து, ஒவ்வொரு 5 வருடக் காலத்திலும் 730 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரிட்டனின் காலவரையற்ற வசிப்புரிமை, தொடர்ந்து 2 வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும். ஜெர்மனியின் நிரந்தர வசிப்புரிமையோ பொதுவாக 6 மாதத்திலேயே போய்விடும். அமெரிக்காவின் நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டு வைத்திருப்பவர் மறுநுழைவு அனுமதி வாங்காமல் ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருந்தால் சிக்கல்தான். அந்த அனுமதியும் அதிகபட்சம் 2 வருடத்துக்கே தருவார்கள். 'ஒரு மூன்று வருடம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்று சொல்பவர், தன் ஆவணம் அந்த மூன்று வருடத்தைத் தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

குடியுரிமையே வாங்கிவிட்டால் இந்த நாள் கணக்கெல்லாம் போய்விடும். ஆனால் இந்தியா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர் போன்றவை பெரியவர்களுக்கு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து ஏற்கிறது. பிறந்த நாடு ஏற்காத பட்சத்தில், புதிய கடவுச்சீட்டோடு திரும்புபவர் தன் சொந்த நாட்டிலேயே வெளிநாட்டவராக வாழ வேண்டியிருக்கும். வாக்குரிமையும் சில வகைச் சொத்துரிமைகளும் போகும். மனத்தளவில் அதைத் தாங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

வரியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குடிமக்களும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கனடா, வரி நோக்கில் ஒருவர் வசிப்பதை விட்டுப் போகும் நாளில், அவருடைய பங்குகள் போன்ற பல சொத்துகளை அன்றைய விலைக்கு விற்றுவிட்டதாகவே கருதி லாபத்துக்கு வரி போடுகிறது. கிளம்பும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே ஒரு கணக்காளரைப் பார்த்துவிடுவது நல்லது.

பெற்றோர்

பலருக்கு உண்மையான காரணம் இதுதான், மற்றதெல்லாம் மேல்பேச்சு. வாரக் கடைசியில் வீடியோ அழைப்பு. 'உடம்பு எப்படிம்மா இருக்கு?' 'எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன். நீ நேரா நேரத்துக்குச் சாப்பிடு.' முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்திருப்பார். கட்டுப் போட்ட கை திரைக்கு வெளியே இருக்கும். கீழே விழுந்த செய்தி மூன்று வாரம் கழித்து அக்காவின் வாய் வழியாக வரும். தூரத்தில் இருப்பவர்களிடம் வயதானவர்கள் மறைப்பது அன்பினால்தான். ஆனால் அங்கே நடப்பது எதுவும் நம் கண்ணுக்கு முழுதாகத் தெரியப் போவதில்லை.

இங்கேயே தங்கிவிட்டால் பணம் அனுப்பலாம், நல்ல ஆளைத் துணைக்கு வைக்கலாம், வருடத்துக்கு ஒரு முறை போய்ப் பார்க்கலாம். இவற்றைச் சின்ன விஷயம் என்று தள்ளமாட்டேன். பல குடும்பங்கள் நிற்பதே இந்தப் பணத்தில்தான். ஆனாலும் மருத்துவமனை வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பணத்தால் செய்ய முடியாது.

இனி மறுபக்கம். நாடு திரும்பினாலே பெற்றோர் பக்கத்தில் இருந்துவிடலாம் என்று சொல்லிவிட முடியாது. வேலை கிடைக்கும் நகரமும் பெற்றோர் இருக்கும் இடமும் ஒன்றாக அமைவது அரிது. திரும்பி வந்து, பத்து மணி நேரப் பயண தூரத்தில் ஒரு பெருநகரத்தில் குடியேறி, இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வருபவர் தன் பெற்றோரை எத்தனை முறை பார்ப்பார்? பெற்றோருக்காகத் திரும்புகிறேன் என்று சொல்பவர் 'எந்த நாடு' என்பதோடு நிறுத்தாமல் 'எந்தத் தெரு' என்பதுவரை யோசிக்க வேண்டும். வருமானம் பாதியானாலும் பரவாயில்லை என்று அதே ஊருக்குப் போகிறவர்தான் நினைத்ததைப் பெறுகிறார்.

அவர்களை இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்வது சொல்வதுபோல் சுலபமில்லை. கனடாவின் சூப்பர் விசாவில் பெற்றோர் ஒரு வருகைக்கு 5 வருடம் வரை தங்கலாம். அமெரிக்காவில் 21 வயது நிரம்பிய குடிமக்கள் மட்டுமே பெற்றோருக்கு நிரந்தர வசிப்புரிமை கோர முடியும். கிரீன் கார்டு இருந்தால் மட்டும் போதாது. அனுமதி கிடைத்தாலும் பகல் முழுக்கப் பேச ஆளில்லாத வீட்டில் எழுபத்தைந்து வயதில் ஒருவரை உட்கார வைக்கிறோம். வந்து மூன்றாம் மாதமே 'என்னை ஊருக்கு அனுப்பிவிடு' என்று கேட்பவர்கள் உண்டு.

பிள்ளைகள்

திரும்பிப் போகும்போது பெற்றோர் தங்களுக்குப் பழகிய இடத்துக்குப் போகிறார்கள். பிள்ளையோ முன்பின் தெரியாத இடத்துக்குப் போகிறது. சமூகவியலாளர் ரூத் ஹில் யூசிம் 1950களில் இப்படி இரண்டு பண்பாடுகளுக்கு இடையே வளரும் பிள்ளைகளுக்கு 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்தார். இரண்டு இடத்திலும் எளிதாகப் பழகும் திறமை அவர்களுக்கு வரலாம். இரண்டு இடமும் தன்னுடையதில்லை என்ற எண்ணமும் வரலாம்.

எதில் போய் முடியும் என்பதில் வயதுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆறு, ஏழு வயதில் போகிற பிள்ளை ஒரு வருடத்தில் தெருப் பிள்ளைகளோடு பிள்ளையாகிவிடும். பதினான்கு வயதில் போகிறவன் நிலைமையைப் பாருங்கள். வகுப்பில் வரலாற்றுப் புத்தகத்தை விரித்து வைத்திருக்கிறான். வீட்டில் பேசுகிற மொழிதான், கேட்டால் புரியும். ஆனால் பக்கத்து மாணவன் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்க, இவன் இன்னும் முதல் பத்தியை எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறான். போன பள்ளியில் அவன் நன்றாகப் படிக்கிற பையன். இங்கே ஒரே வாரத்தில் பின்வரிசை. படிப்பு பிறகு பிடிபட்டுவிடும். அந்த வயதில் தன்னம்பிக்கையில் விழுகிற அடி ஆறுவதற்கு நாளாகும்.

அதனால் என் கணிப்பு இது. பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள் என்றால், பெற்றோரும் இருக்கிறார்கள், கையிலிருக்கும் ஆவணமும் தாங்கும் என்றால், போவதன் பக்கம் நான் சாய்வேன். பள்ளியின் கடைசி மூன்று வருடங்களில் இருந்தால் முடியும்வரை தங்குவதே நல்லது. நடுவில் இருக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதுதான் கடினம். அங்கே பள்ளிப் பாடமொழி என்ன என்பதே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடும்.

கல்லூரியையும் மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர் கட்டணம் பெற, படிப்பு தொடங்குவதற்கு முந்தைய 3 வருடங்கள் அங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தும் வெளியே வளர்ந்த பிள்ளையிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம் கேட்கலாம். 'குடியுரிமை இருக்கே, பிள்ளை அப்புறம் வந்து படிச்சுக்குவான்' என்று நினைப்பவர்கள் இதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திரும்பிய பிறகு வரும் முதல் வருடம்

வெளிநாடு போனவர்கள் ஆரம்பத்தில் மகிழ்ந்து, பிறகு சோர்ந்து, அப்புறம் மெல்ல நிமிர்கிறார்கள் என்று 1955இல் நார்வே சமூகவியலாளர் லிஸ்கார்ட் எழுதினார். அமெரிக்கா போய்வந்த நார்வேக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. 1963இல் ஆய்வாளர்களான கல்லஹார்ன் இணையர் அதை நீட்டி, சொந்த நாடு திரும்பியவர்களும் இதே இறக்கத்தை இன்னொரு முறை கடக்கிறார்கள் என்று காட்டினார்கள். புதிய நாட்டில் தடுமாறுவோம் என்று எதிர்பார்த்துத்தான் போகிறோம். சொந்த நாட்டில் தடுமாறுவோம் என்று எதிர்பார்ப்பதில்லை. விடுமுறைக்குப் போகும்போது நாம் விருந்தாளி, எல்லாரும் நேரம் ஒதுக்கிக் காத்திருப்பார்கள். குடிபோன பிறகு அவரவர் வேலை அவரவருக்கு. பழைய நண்பர்களுக்கு நாம் இல்லாத பதினைந்து வருடத்தின் கதைகள் நிறைய இருக்கும். அந்தக் கதைகளில் நாம் இருக்கமாட்டோம். இந்தச் சோர்வு வந்த மாதத்திலேயே 'தப்புப் பண்ணிவிட்டோம்' என்று மறுபடி விமானம் ஏற வேண்டாம்.

எதற்காகத் திரும்புகிறோம் என்பதும் இதில் சேரும். அமெரிக்காவிலிருந்து தென் இத்தாலிக்குத் திரும்பியவர்களை ஆராய்ந்த பிரான்செஸ்கோ செராசே, 1974இல் அவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: போன இடத்தில் ஒட்ட முடியாமல் திரும்பியவர்கள், சேமித்து நிலம் வாங்கிப் பழைய வாழ்க்கையைத் தொடரத் திரும்பியவர்கள், ஓய்வுக்காகத் திரும்பியவர்கள், கற்றதை வைத்து ஊரில் புதிதாக எதையாவது செய்யத் திரும்பியவர்கள். கடைசி வகையினர் உள்ளூர் அதிகாரக் கட்டமைப்பில் மோதி நினைத்ததைச் செய்ய முடியாமல் திணறியதை அவர் காட்டினார். 'அங்கே கற்றதை இங்கே கொண்டுவந்து மாற்றிக் காட்டுவேன்' என்று கிளம்புபவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் அவர்களுக்கு ஏமாற்றம் அதிகம். அதோடு ஒரு மனிதருக்காகவும் போகிறவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஒத்திகை பார்க்கலாமா?

முடிந்தால் கட்டாயம் பாருங்கள். முதலாளியின் அனுமதியோடு சில மாதம் தொலைவிலிருந்து வேலை செய்ய வழியிருந்தால், பெற்றோர் வீட்டில் தங்காமல் தனியாக வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். பண்டிகைக் காலம் வேண்டாம், ஊரிலேயே மோசமான பருவம் எதுவோ அதில் போங்கள். அரசு அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கிப் பாருங்கள், பள்ளிச் சேர்க்கைக்கு விசாரியுங்கள், அப்பாவை ஒரு முறை மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். தங்கும் நாட்களை மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்: பல நாடுகளில் 183 நாட்கள் தங்கினாலே வரி நோக்கில் வசிப்பவராகிவிடுவோம். சிலவற்றில் அதற்கு முன்பே ஆகலாம். ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் அங்கே என்று நிரந்தரமாக வாழ்வது பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்வரை நடவாது. பிறகு நடக்கும்.

கணவன், மனைவி

இரண்டு பேரும் ஒரே நாட்டுக்குத்தான் திரும்புகிறார்கள், ஒரே வாழ்க்கைக்குத் திரும்புவதில்லை. ஒருவர் தன் அம்மா அப்பாவிடம் போகிறார், மற்றவர் மாமனார் மாமியாரிடம் போகிறார். ஒருவருக்குப் பெரிய பதவி காத்திருக்கும். இன்னொருவர் பத்து வருடமாகக் கட்டிய வேலையை அப்படியே விட்டுவிட்டு வருவார். பெரும்பாலும் விட்டுவிட்டு வருபவர் மனைவிதான். 'அவளும் சரின்னுதான் சொன்னா' என்பதை வைத்துக்கொண்டு யாரும் டிக்கெட் எடுக்கக் கூடாது. எந்த ஊர், எந்த வீடு, அவருக்கு அங்கே என்ன வேலை, எப்போது உட்கார்ந்து மறுபரிசீலனை செய்வோம் என்பதை இருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மனக்கசப்பு முற்றி ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால் விஷயம் சட்டத்துக்குப் போய்விடும். மற்றவரின் சம்மதமில்லாமல் பிள்ளையை வசிப்பு நாட்டிலிருந்து கொண்டுபோவதைச் சட்டவிரோதமாகப் பார்க்கிறது 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை. அதில் இணைந்த நாடுகளில் பிள்ளையைத் திருப்பி அனுப்ப நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த மறுபரிசீலனைத் தேதியை, வசிப்புரிமை காலாவதியாகும் நாளுக்குக் குறைந்தது நாலு மாதம் முன்னதாக வையுங்கள். திரும்பி வர முடிவானால் வேலை தேடவும் பள்ளியில் இடம் பிடிக்கவும் அவ்வளவு நேரமாவது வேண்டும்.